தொண்டர் படைவீரரின் பதக்கங்களை வாசிப்பது எப்படி? கொழும்புக் குடும்பங்களுக்கான முழுமையான வழிகாட்டி

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பம்பலப்பிட்டியிலும் பழைய குடும்பங்களின் அலுமாரி லாச்சிகளில், காணி உறுதிகளுக்கும் விவாகப் பதிவுகளுக்கும் நடுவே, நாடா நிறம் மங்கிய இரண்டு மூன்று பதக்கங்கள் கிடப்பதுண்டு. "அப்பப்பா யுத்த காலத்தில் பட்டாளத்தில் இருந்தவர்" என்பதற்கு மேல் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. எந்தப் படைப்பிரிவு, எத்தனை ஆண்டு, எந்தப் பதக்கம் எதற்காகக் கிடைத்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை வரும். அந்தக் கதைகளைச் சரிபார்க்கவும், கதையே இல்லாத இடத்தில் புதிதாகக் கண்டுபிடிக்கவும் இந்த வழிகாட்டி உதவும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குடும்பங்கள் பெருமையோடு எடுத்துக் காட்டுவது ஆறு முனை நட்சத்திரத்தை. ஆனால் தொண்டர் படைவீரர் ஒருவரைப் பற்றி அதிகம் சொல்வது, பெரும்பாலும் யாரும் கவனிக்காத நீள்வட்ட வெள்ளிப் பதக்கம்தான். பகலில் கந்தோரில் பேரேடு எழுதிவிட்டு, மாலையில் அணிவகுப்புப் பயிற்சிக்குப் போய், ஆண்டுதோறும் விடுமுறை எடுத்துக்கொண்டு முகாமுக்குச் சென்ற மனிதரின் வாழ்க்கை அதில்தான் பதிவாகியிருக்கிறது. அவருக்கு உரிய மரியாதையை அதை ஒழுங்காக வாசிப்பதன் மூலமே செய்ய முடியும்.

தொடங்குமுன்: அவர் எந்தக் காலத்துத் தொண்டர்?

இலங்கையில் தொண்டர் படை 1881 ஏப்ரல் 1 அன்று இலகு காலாட்படைத் தொண்டர்களோடு தொடங்கியது. 1910இல் தொண்டர் பிரிவுகள் எல்லாம் சேர்ந்து இலங்கைப் பாதுகாப்புப் படை என்ற பெயரைப் பெற்றன. 1939இல் போர் மூண்டதும் இந்தப் பகுதிநேர வீரர்கள் முழுநேரப் பணிக்கு அழைக்கப்பட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு, 1949 அக்டோபர் 10 அன்று இலங்கை இராணுவம் உருவானபோது நிரந்தரப் படை, தொண்டர் படை என்று இரண்டு கிளைகள் ஏற்பட்டன. 1972 மே 22 அன்று நாடு குடியரசானதும் 'சிலோன்' என்று தொடங்கிய பெயர்கள் 'ஸ்ரீலங்கா' ஆயின.

இந்த ஐந்து ஆண்டுகளையும் ஒரு தாளில் எழுதி முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். பதக்கத்திலோ கடிதத்திலோ காணும் பெயர் எந்த இரு ஆண்டுகளுக்கு இடையில் விழுகிறது என்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். 1949க்குப் பிந்திய ஆவணங்களில் இன்னொரு அடையாளமும் உண்டு: படைப்பிரிவின் இலக்கத்துக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 'வி' என்ற ஆங்கில எழுத்து இருந்தால், அது தொண்டர் பிரிவு.

முதல் படி: மினுக்காதீர்கள், படம் எடுங்கள்

பதக்கத்தைக் கையில் எடுத்ததும் பித்தளை மினுக்கும் திரவத்தைத் தேடுவது நம்மவர் வழக்கம். அதை மட்டும் செய்யாதீர்கள். மினுக்கும் திரவத்தில் இருக்கும் மெல்லிய துகள்கள் ஒவ்வொரு முறையும் உலோகத்தின் மேற்பரப்பைக் கொஞ்சம் அரித்துக்கொண்டு போகின்றன. முதலில் அழிவது ஓரத்தில் வெட்டப்பட்ட எழுத்துகள். வெள்ளி கறுத்திருப்பது அழுக்கு அல்ல. கீழே இருக்கும் உலோகத்துக்கு அந்தப் படலத்தால் கெடுதலும் இல்லை.

வெள்ளவத்தையில் ஒரு மாமி காட்டிய பதக்கம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆண்டுப் பிறப்புக்கு ஆண்டுப் பிறப்பு குத்துவிளக்கோடு சேர்த்து அதையும் மினுக்கி வந்திருக்கிறார்கள். அரசரின் காதும் தலைமுடியும் தட்டையாகி, முகம் வழுவழுவென்று இருந்தது. ஓரத்தில் இலக்கத்தின் முன்பகுதி முற்றாகப் போய்விட்டது. கைபேசியின் விளக்கை மேலிருந்து அடிக்காமல் மேசை மட்டத்தில் பக்கவாட்டாகப் பிடித்து, பதக்கத்தை மெல்லச் சுழற்றியபோது, நாடா கொளுவும் வளையத்துக்கு அருகே, துணி எட்டாத இடத்தில், படைப்பிரிவின் மூன்று எழுத்துகள் நிழலாக எழுந்தன: சி.எல்.ஐ. இலகு காலாட்படை. "மாமி, இனி இதைத் துணியால்கூடத் துடைக்க வேண்டாம்" என்று சொன்னேன். அவர் உடனே அதைச் சேலைத் தலைப்பில் வாங்கிக்கொண்டார்.

ஆகவே முதலில் படம். ஒவ்வொரு பதக்கத்துக்கும் முன்பக்கம், பின்பக்கம், ஓரம் முழுவதும், நாடா, நாடாவின் பின்னால் இருக்கும் ஊசி என்று தனித்தனியாக எடுங்கள். ஓரத்துக்கு மட்டும் பல படங்கள் வேண்டும், ஒவ்வொன்றிலும் சில எழுத்துகளே தெளிவாக விழும். பதக்கங்கள் ஒரே கம்பியில் வரிசையாகத் தைக்கப்பட்டிருந்தால் அந்த வரிசையைக் கலைக்குமுன் படம் எடுங்கள். அந்த வரிசையும் ஒரு சான்று.

இரண்டாம் படி: பெயர் உள்ளவை, பெயர் இல்லாதவை

இப்போது பதக்கங்களை இரண்டாகப் பிரியுங்கள். இரண்டாம் உலகப் போருக்காகப் பிரித்தானிய அரசு வழங்கிய நட்சத்திரங்களும் போர்ப் பதக்கங்களும் பெயர் பொறிக்கப்படாமலே வந்தன. அவற்றில் பெயர் இல்லை என்பதால் போலி என்று நினைக்க வேண்டாம். முதலாம் உலகப் போருக்கான பதக்கங்களில் பெயர் உண்டு: வெள்ளிப் போர்ப் பதக்கத்திலும் வெண்கல வெற்றிப் பதக்கத்திலும் ஓரத்தில், 1914–15 நட்சத்திரத்தில் பின்பக்கத்தில். நீண்டகாலச் சேவைக்கான பதக்கங்களில் இலக்கம், பதவி, பெயரின் முதலெழுத்து, பெயர், படைப்பிரிவு ஆகியவை ஓரத்தில் வரும்.

இந்தப் பிரிப்பு முக்கியமானது. பெயர் இல்லாத பதக்கம் ஒருவருடையது என்பதற்கு உங்கள் குடும்பத்தின் சொல் மட்டுமே ஆதாரம். பெயர் உள்ளது தனக்குத் தானே ஆதாரம். இரண்டும் ஒரே கம்பியில் சேர்ந்திருந்தால், பெயர் உள்ளது மற்றவற்றுக்கும் சாட்சியாக நிற்கும். அண்ணன் தம்பிகளுக்கு ஆளுக்கொன்றாகப் பங்கு போட வேண்டாம் என்று நான் மன்றாடிக் கேட்பது அதனால்தான். பிரித்த அன்றே அவற்றில் பாதி ஊமையாகிவிடும்.

மூன்றாம் படி: போர்க்காலப் பதக்கங்கள்

நட்சத்திரங்கள் மஞ்சள் நிற உலோகத்தில், ஆறு முனையோடு, நடுவில் ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் முத்திரையெழுத்தோடு இருக்கும். எந்த நட்சத்திரம் என்பது முத்திரையைச் சுற்றி எழுதப்பட்டிருக்கும். நாடாவும் அதையே சொல்லும்.

1939–45 நட்சத்திரத்தின் நாடா கருநீலம், சிவப்பு, வெளிர்நீலம் என்று மூன்று சமமான பட்டைகள், கடற்படை, தரைப்படை, விமானப்படை என்பதற்காக. பர்மா நட்சத்திரத்தின் நாடாவில் நடுவே அகலமான சிவப்பு, இருபுறமும் கருநீலம், அந்த நீலத்தின் நடுவே செம்மஞ்சள் கோடு.

வட்டமான இரண்டும், அதாவது பாதுகாப்புப் பதக்கமும் போர்ப் பதக்கமும், செம்பு–நிக்கல் கலப்பு, வெள்ளி போலத் தெரியும். பாதுகாப்புப் பதக்கத்தின் நாடா செம்மஞ்சள் நடுப்பகுதியும் பச்சை ஓரங்களும் கொண்டது. பச்சையின் நடுவே ஓடும் மெல்லிய கறுப்புக் கோடு, விமானத் தாக்குதலுக்கு அஞ்சி விளக்கணைத்த இரவுகளைக் குறிக்கிறது. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியதை நினைத்தால் அந்தக் கறுப்புக் கோடு நமக்கும் உரியது என்பது புரியும். போர்ப் பதக்கத்தின் நாடா சிவப்பு, நீலம், வெள்ளை. அதன் பின்பக்கத்தில் இரட்டைத் தலை டிராகனின் மேல் சிங்கம் நிற்கும். 1939 செப்டம்பர் 3 முதல் 1945 செப்டம்பர் 2 வரையிலான காலத்தில் 28 நாள் முழுநேரப் பணி செய்திருந்தால் அது கிடைக்கும்.

இவற்றை வைத்து எதை ஊகிக்கலாம்? பாதுகாப்புப் பதக்கமும் போர்ப் பதக்கமும் மட்டும் இருந்தால், அவர் பெரும்பாலும் இலங்கைப் பாதுகாப்புப் படையில் இருந்து இங்கேயே, கொழும்புத் துறைமுகத்தின் பீரங்கிகளோடோ வேறு காவல் நிலைகளிலோ பணி செய்திருப்பார். இலங்கைப் பீரங்கிப் படையின் பிரிவுகள் கொக்கோஸ் தீவுகளுக்கும் சீசெல்ஸ் தீவுகளுக்கும்கூட அனுப்பப்பட்டன. ஆபிரிக்க நட்சத்திரமோ இத்தாலி நட்சத்திரமோ இருந்தால் கதை வேறு. இலங்கையர் பலர் நேரடியாகப் பிரித்தானிய இராணுவத்தில், குறிப்பாக முன்னோடிப் படையிலும் பொறியியல் படையிலும் சேர்ந்து மத்திய கிழக்கு, வட ஆபிரிக்கா, இத்தாலி வரை போனார்கள். அப்படிப்பட்டவரின் சேவைப் பதிவைத் தேட வேண்டிய இடமும் வேறு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

வீட்டுக் கதை 'பர்மாவில் சண்டை போட்டவர்' என்றும், பெட்டியில் பாதுகாப்புப் பதக்கம் மட்டும் என்றும் இருந்தால் உடனே கதையைப் பொய் என்று தள்ளிவிடாதீர்கள். பிரித்தானிய இராணுவத்தில் பணியாற்றியவர்களுக்குப் பதக்கங்கள் தாமாக வரவில்லை, விண்ணப்பித்தால்தான் கிடைத்தன. விண்ணப்பிக்காமலே விட்டவர்கள் ஏராளம்.

நான்காம் படி: அந்த வெள்ளிப் பதக்கம்

பகுதிநேர வீரர்களின் நீண்ட சேவைக்காக 1930இல் எஃபிஷியன்சி மெடல் ஏற்படுத்தப்பட்டது. சாதாரண வீரர்களுக்கும் அதிகாரி அல்லாத மற்றப் பதவியினருக்கும் உரியது இது. வெள்ளி, நீள்வட்டம், பச்சை நாடாவில் மஞ்சள் ஓரங்கள். நாடாவுக்கும் பதக்கத்துக்கும் இடையே ஒரு சுருள் பட்டை இருக்கும். பிரித்தானியாவில் பணி செய்தவருக்கு அதில் பிராந்தியப் படை என்ற சொல் வரும். நம்முடையவர்களுக்கு 'சிலோன்' என்று வரும். பின்பக்கத்தில், திறமையான சேவைக்காக என்று ஆங்கிலத்தில் எளிமையாக எழுதியிருக்கும்.

இதற்கு 12 ஆண்டு சேவை வேண்டும். காலத்தைக் கடத்தினால் போதாது. ஒவ்வோர் ஆண்டும் குறித்த பயிற்சிகளையும் முகாமையும் முடித்து 'தகுதியான ஆண்டு' என்று பெயர் வாங்கியிருக்க வேண்டும். மேலும் ஒவ்வொரு ஆறு ஆண்டுக்கும் நாடாவில் ஒரு கிரீடப் பட்டை சேரும். ஆகவே நாடாவில் ஒரு பட்டை இருந்தால் 18, இரண்டு இருந்தால் 24 ஆண்டு என்று கணக்கிடலாம்.

அந்தக் கணக்கில் ஒரு நுணுக்கம் உண்டு. போர்க்காலச் சேவை இரட்டிப்பாகக் கணக்கிடப்பட்டது. 1939இல் அழைக்கப்பட்டு 1945 வரை பணியில் இருந்தவர் ஆறு ஆண்டிலேயே 12 ஆண்டு கணக்கைத் தொட்டிருப்பார். பதக்கத்தைப் பார்த்ததும் '1933இல் சேர்ந்திருப்பார்' என்று பின்னோக்கிக் கழித்துவிடாதீர்கள். குடும்ப வரலாறுகளில் சேர்ந்த ஆண்டு தவறாகப் பதிவாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஆண்டை இன்னும் நெருக்கமாகப் பிடிக்க அரசரின் தலையைச் சுற்றியுள்ள இலத்தீன் எழுத்துகளைப் பாருங்கள். ஆறாம் ஜோர்ஜின் பெயருக்குப் பின் 'இந்தியாவின் பேரரசர்' என்ற பட்டத்தின் சுருக்கம் இருந்தால் அந்த அச்சு 1948க்கு முந்தியது. அந்தப் பட்டம் இல்லாமல் அதே அரசர் இருந்தால் 1948க்கும் அவர் மறைந்த 1952க்கும் இடைப்பட்டது. எலிசபெத் அரசியின் உருவம் இருந்தால் அதற்கும் பின்னால். போருக்கு முன் சேர்ந்து, போரில் நின்று, சுதந்திரத்துக்குப் பிறகு பதக்கம் பெற்றவர் என்று ஒரே ஒரு எழுத்துச் சுருக்கத்தை வைத்துச் சொல்ல முடிகிறது. வேறு எந்தப் பதக்கமும் இவ்வளவு தராது.

அதிகாரிகளுக்கு உரியது எஃபிஷியன்சி டெக்கரேஷன். 20 ஆண்டு சேவை, போர்க்காலம் அதிலும் இரட்டிப்பு. வெள்ளியில் நீள்வட்டமான ஓக் இலை வளையம், நடுவே பொன்முலாம் பூசிய அரச முத்திரை, பச்சை நாடாவின் நடுவே மஞ்சள் கோடு. இதைப் பெற்றவர் பெயருக்குப் பின்னால் 'ஈ.டி.' என்று போட்டுக்கொள்ளலாம். பழைய விவாக அழைப்பிதழிலோ மரண அறிவித்தலிலோ கல்லறையிலோ அந்த இரண்டு எழுத்துகளைக் கண்டால், பதக்கமே தொலைந்திருந்தாலும் அவர் நீண்டகாலத் தொண்டர் படை அதிகாரி என்பது உறுதி. அதற்கு முந்திய தலைமுறையில் அதே இடத்தில் 'வி.டி.' என்று இருக்கும்.

இந்த வழியில் வந்தவர்களில் நாம் எல்லோரும் அறிய வேண்டியவர் மேஜர் ஜெனரல் அன்ரன் முத்துக்குமாரு. கொழும்பில் பிறந்து, சூசையப்பர் கல்லூரியிலும் ஒக்ஸ்ஃபோர்டிலும் படித்து, சட்டத்தரணியாகத் தொழில் செய்தவர். 1934இல் இலகு காலாட்படையில் தொண்டர் அதிகாரியாகச் சேர்ந்தார். 1946இல் இலண்டனில் நடந்த வெற்றி அணிவகுப்புக்கு இலங்கைப் படையினரை அழைத்துச் சென்றார். 1955இல் இராணுவத் தளபதியானார், அந்தப் பதவிக்கு வந்த முதல் இலங்கையர் அவரே. அவர் பெயருக்குப் பின்னாலும் 'ஈ.டி.' உண்டு. நாட்டின் இராணுவத்தை நடத்திய அந்தத் தமிழர், தொடக்கத்தில் நம் அப்பப்பாமாரைப் போல வேலை முடிந்து பயிற்சிக்குப் போனவர்தான்.

ஐந்தாம் படி: ஓரத்தில் உள்ள பெயரை வாசித்தல்

இங்கேதான் தமிழ்க் குடும்பங்கள் வழி தவறுகின்றன. நம்மவர் பெயரில் முன்னெழுத்து தகப்பனுடையது, பின்னால் வருவது அவரவர் பெயர். படைப்பதிவில் எழுத்தர் கடைசிப் பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டார். ஆகவே அண்ணனும் தம்பியும் ஒரே படையில் இருந்தாலும் இரண்டு வேறு 'குடும்பங்களாக' இருப்பார்கள். ஞானஸ்நானப் பெயர் உள்ள வீடுகளில் ஒரு ஆவணத்தில் அதுவும் இன்னொன்றில் தமிழ்ப் பெயரும் வரும்.

எழுத்துக்கூட்டல் அடுத்த சிக்கல். இன்று 'கே' என்று தொடங்கும் பெயர்கள் அன்று 'சி' என்று தொடங்கின. கனகசபையும் கதிரவேலுவும் அகரவரிசையில் 'சி'யின் கீழ் ஒளிந்திருப்பார்கள். 'த'வுக்கு எச் எழுத்து சேர்த்தும் சேர்க்காமலும், 'பிள்ளை'யை மூன்று நான்கு விதமாகவும், நீண்ட பெயரை இரண்டாக வெட்டியும் எழுதியிருப்பார்கள். தேடப் போகுமுன் எல்லா வடிவங்களையும் ஒரு பட்டியலாக எழுதிக்கொள்ளுங்கள். பழைய பாடசாலை விடுகைப் பத்திரமோ காணி உறுதியோ இருந்தால், அக்காலத்தில் அவர் தாமே எப்படிக் கையெழுத்திட்டார் என்பது தெரியும். அந்த வடிவத்தில் இருந்து தொடங்குங்கள்.

படைப்பிரிவுச் சுருக்கங்களில் அடிக்கடி காண்பவை: சி.எல்.ஐ. இலகு காலாட்படை. சி.ஜி.ஏ. கோட்டைப் பீரங்கிப் படை. சி.பி.ஆர்.சி. தோட்டக்காரர் துப்பாக்கிப் படை. கடைசியாகச் சொன்னது மலையகத் துரைமாரின் படை, 1949இல் கலைக்கப்பட்டது.

ஆறாம் படி: 1949க்குப் பிந்தியவை

இந்தப் பகுதியைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் இவற்றில் பெரும்பாலானவற்றில் பெயரும் ஆண்டும் தெளிவாகவே எழுதப்பட்டிருக்கும். 1953 முடிசூட்டு விழாப் பதக்கமும், காலத்தால் முந்திய 1937 முடிசூட்டு விழாப் பதக்கமும் சிலருக்குக் கிடைத்தன. 1972இல் குடியரசுப் பதக்கம், 1974இல் இராணுவத்தின் 25ஆம் ஆண்டுப் பதக்கம், 1981இல் தொண்டர் படையின் நூற்றாண்டுப் பதக்கம் ஆகியவை அந்தந்தக் காலத்தில் பணியில் இருந்ததற்கான அடையாளங்கள். எஃபிஷியன்சி வரிசையின் வாரிசாகத் தொண்டர் படை அதிகாரிகளுக்குக் கார்யக்ஷம சேவா விபூஷணயவும், மற்றப் பதவியினருக்குக் கார்யக்ஷம சேவா பதக்கமவும் வந்தன. வீரத்துக்கான பதக்கங்களில் உயர்ந்தது பரம வீர விபூஷணய. வீர விக்ரம, ரண விக்ரம, ரண சூர என்பன அதற்குக் கீழே வருகின்றன.

1971 கிளர்ச்சியின்போது தொண்டர் பிரிவுகள் முழுநேரப் பணிக்கு அழைக்கப்பட்டன. அக்காலத்துச் சம்பளப் புத்தகமோ அழைப்புத் தந்தியோ இருந்தால் பதக்கத்தோடு சேர்த்து வையுங்கள்.

பிந்திய ஆண்டுகளில் இராணுவச் சீருடை அணிந்தவர் ஒருவர் குடும்பத்தில் இருந்தார் என்பதைப் பல தமிழ் வீடுகள் பேசாமல் விட்டுவிட்டன. காரணம் எல்லோருக்கும் தெரியும். அந்த மௌனத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு பதக்கத்தைப் பதிவு செய்வது எவருடைய செயலையும் நியாயப்படுத்துவதாகாது. பதிவு செய்யாமல் விட்டால் அந்த மனிதரின் வாழ்க்கையில் சில ஆண்டுகள் வெற்றிடமாகிவிடும், அவ்வளவுதான்.

ஏழாம் படி: பாராட்டுகள், அதாவது காகிதங்கள்

பதக்கத்தைத் தேடும் அவசரத்தில் காகிதத்தைக் குப்பையில் போட்டுவிடுகிறோம். தளபதியின் பாராட்டுக் கடிதம், விடுவிப்புச் சான்றிதழ், பதக்கம் வந்த சிறு அட்டைப் பெட்டி, அதற்குள் இருந்த சீட்டு எல்லாம் சான்றுகள். பெயரில்லாத நட்சத்திரத்துக்கு, பெயர் எழுதிய அந்தப் பெட்டிதான் ஒரே பிணைப்பு.

போர்ப் பதக்கத்தின் நாடாவில் சிறிய வெண்கல ஓக் இலை ஒன்று குத்தப்பட்டிருந்தால் அதை அலங்காரம் என்று எண்ணிவிடாதீர்கள். தளபதியின் அறிக்கையில் அவர் பெயர் சொல்லிப் பாராட்டப்பட்டார் என்பதே அதன் பொருள். இலண்டன் வர்த்தமானியில் பதவி, முதலெழுத்து, பெயர், படைப்பிரிவு ஆகியவற்றோடு அது வெளிவந்திருக்கும். அந்த வர்த்தமானியை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். புத்தாண்டு, அரசரின் பிறந்தநாள் கௌரவப் பட்டியல்களும் அதில்தான் உள்ளன.

எட்டாம் படி: எங்கே தேடுவது

கொழும்பில் இருப்பவர்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. தேசிய சுவடிகள் கூடம் கொழும்பு 7இலேயே இருக்கிறது. அடையாள அட்டையோடு போய் வாசகர் அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள். 1802இல் தொடங்கிய அரச வர்த்தமானியின் பழைய தொகுதிகள் அங்கே உண்டு. தொண்டர் படை அதிகாரிகளின் நியமனம், பதவி உயர்வு, ஓய்வு எல்லாம் வர்த்தமானியில் வந்தன. சாதாரண வீரரின் பெயர் அதில் அரிதாகவே கிடைக்கும், எனவே அவருக்காக வேறு வழியில் போக வேண்டும். தொண்டர்களில் பலர் அரசாங்க எழுத்தர்கள், தபால், ரயில்வே ஊழியர்கள். படைக் கோவை கிடைக்காத இடத்தில், அவர் வேலை செய்த திணைக்களத்தின் ஊழியர் கோவையில் 'படைப்பணிக்காக விடுமுறை' என்ற குறிப்பு கிடைக்கலாம்.

அதே கூடத்தில் பழைய பத்திரிகைகளையும் பாருங்கள். சிலோன் டெய்லி நியூஸ், வீரகேசரி, தினகரன் ஆகியவற்றில் பதக்கம் வழங்கும் அணிவகுப்புகள், முகாம் செய்திகள், துப்பாக்கி சுடும் போட்டி முடிவுகள் வந்தன. ஆண்டு தெரியாமல் பத்திரிகைத் தொகுதிகளைப் புரட்டத் தொடங்கினால் கண்தான் போகும். நான்காம் படியில் பிடித்த ஆண்டு இங்கே கைகொடுக்கும்.

அடுத்தது படையணி. இலகு காலாட்படையின் தலைமையகம் பனாகொடையில் உள்ளது. தமிழிலோ சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ கடிதம் எழுதலாம். இலக்கம், பதவி, பெயரின் எல்லா வடிவங்கள், பதக்கத்தின் ஓரப் படம், உங்களுக்கும் அவருக்கும் உள்ள உறவைக் காட்டும் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி ஆகியவற்றை இணையுங்கள். ஒரே கடிதத்தில் பத்துக் கேள்வி கேட்காதீர்கள். சேர்ந்த திகதி, விலகிய திகதி, பெற்ற பதக்கங்கள் என்ற மூன்றும் போதும். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது.

பிரித்தானிய இராணுவத்தில் நேரடியாகச் சேர்ந்தவராக இருந்தால் பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சின் பதக்க அலுவலகத்துக்கு எழுதுங்கள். உரிமை கோரப்படாமல் கிடக்கும் இரண்டாம் உலகப் போர்ப் பதக்கத்துக்குச் சட்டபூர்வமான நெருங்கிய உறவினர் இன்றும் விண்ணப்பிக்கலாம்.

பதக்கமே இல்லாவிட்டால்

1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகள் எரிக்கப்பட்டபோது இவையும் எரிந்தன, கொள்ளை போயின. அப்படிப்பட்ட குடும்பங்களுக்கு மிஞ்சியிருப்பது பெரும்பாலும் யாழ்ப்பாணத்திலோ வெளிநாட்டிலோ ஒரு உறவினரிடம் இருந்த புகைப்படம் மட்டுமே. அதிலிருந்தும் தொடங்கலாம்.

படத்தை உயர்ந்த தரத்தில் ஸ்கேன் செய்யுங்கள். தொப்பிச் சின்னம், தோள்பட்டை எழுத்து, கைப்பட்டி, நெஞ்சில் உள்ள நாடா வரிசை ஆகிய நான்கையும் தனித்தனியே பெரிதாக்குங்கள். கறுப்பு–வெள்ளைப் படத்தில் நாடாவை வாசிக்கும்போது நிறத்தின் ஆழத்தை நம்பாதீர்கள். அக்காலத்துப் படச்சுருள் சிலவற்றில் சிவப்பு கறுப்பாகவும் நீலம் ஏறக்குறைய வெள்ளையாகவும் விழும். பட்டைகளின் எண்ணிக்கை, அகலம், ஒழுங்கு ஆகியவற்றையே பாருங்கள். மூன்று சமப் பட்டைகள் என்றால் 1939–45 நட்சத்திரம் என்று ஊகிக்கலாம். வரிசையும் உதவும்: நெஞ்சின் நடுப்பக்கம் இருப்பது மூத்தது. முதலில் போர்ப் பதக்கங்கள், பிறகு முடிசூட்டு விழாப் பதக்கம், கடைசியில் நீண்டகாலச் சேவைப் பதக்கம். தோளை ஒட்டி, இரு ஓரமும் வேறு நிறமாகத் தெரியும் ஒரே நிற நாடா எஃபிஷியன்சி மெடலாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கடையில் பிரதி வாங்கி வீட்டில் மாட்டிவைப்பதில் தவறில்லை. அது பிரதி என்பதைப் பின்னால் எழுதி வைத்தால் போதும்.

பாதுகாத்தலும் அணிதலும்

கொழும்பின் உப்புக் காற்றும் ஈரப்பதமும்தான் முதல் எதிரி. காலி வீதிக்குக் கடல்பக்கம் இருக்கும் வீடுகளில் சுவரில் மாட்டிய பதக்கம் சில ஆண்டுகளிலேயே பச்சை பூக்கும். அமிலமில்லாத மெல்லிய தாளில் சுற்றி, மூடியுள்ள பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொதியோடு வைத்து, பொதியை அவ்வப்போது மாற்றுங்கள். இறப்பர் வளையம் போடாதீர்கள், அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். பிசுபிசுப்பான பிளாஸ்டிக் உறையும் வேண்டாம். பழைய நாடாவைத் துவைக்கக் கூடாது. இற்றுப்போயிருந்தால் புதிய நாடா போட்டுவிட்டு, பழையதைத் தாளில் சுற்றி அதே பெட்டியில் வையுங்கள்.

செட்டியார் தெருவுக்கு எடுத்துச் சென்று நிறுத்துப் பார்க்கும் எண்ணம் வந்தால், தயவுசெய்து கைவிடுங்கள். அங்கே வெள்ளியின் எடைக்குத்தான் விலை. எஃபிஷியன்சி மெடலின் மதிப்பு அதன் ஓரத்தில் உள்ள எழுத்துகளில் இருக்கிறது, உருக்கும் பானையில் முதலில் போவதும் அதுவே. விற்றே ஆக வேண்டிய நிலை என்றால் எல்லாவற்றையும் காகிதங்களோடு ஒரே தொகுதியாக விற்றுவிடுங்கள். அதற்கு முன் படங்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நவம்பர் மாத நினைவுதினத்தில் விகாரமகாதேவிப் பூங்காவிலுள்ள போர் நினைவுத்தூபிக்குப் போகிறவர்கள் உறவினரின் பதக்கத்தை வலது நெஞ்சில் அணிவது மரபு. இடது நெஞ்சு, பெற்றவருக்கு மட்டும். அந்தத் தூபி முதலில் காலிமுகத்திடலில் நின்றது, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உள்ளே நகர்த்தப்பட்டது. 1930களில் அதே நவம்பர் 11 அன்று, பொப்பிப் பூ விற்ற பணம் பிரித்தானியாவுக்குப் போகிறதென்று கோபப்பட்ட இளைஞர்கள் பூவரசம் பூ விற்றார்கள், அதுவே சூரியமல் இயக்கம். அக்காலத்துத் தொண்டர் ஒருவரின் வீட்டில் இரண்டு பூவும் இருந்திருக்கலாம். அவருடைய கதையை எழுதும்போது இரண்டுக்கும் இடம் கொடுங்கள்.

கடைசிப் படி: பெட்டிக்குள் வைக்கும் தாள்

இவ்வளவும் முடிந்ததும் ஒரே ஒரு தாள் எழுதுங்கள். முழுப்பெயரும் அதன் எழுத்துக்கூட்டல் வடிவங்களும், பிறந்த–இறந்த ஆண்டுகள், தொழில், படை இலக்கம், படைப்பிரிவு, சேர்ந்த–விலகிய திகதிகள், ஒவ்வொரு பதக்கமும் எதற்காக என்பது. ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் அது எங்கிருந்து வந்தது என்று குறியுங்கள்: 'ஓரத்தில் உள்ளது', 'வர்த்தமானி, திகதி', 'பெரியம்மா சொன்னது'. இந்த மூன்றையும் ஒரே மையில் கலந்து எழுதிவிட்டால், அடுத்து வருபவரால் எது உறுதி, எது கேள்விப்பட்டது என்று பிரிக்க முடியாது. தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள், ஏனென்றால் பேரப்பிள்ளைகளில் பாதிப்பேர் ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் இருப்பார்கள். தாளைப் பென்சிலிலோ மங்காத மையிலோ எழுதி, பதக்கத்தைத் தொடாதபடி தனி உறையில் போட்டு, பெட்டிக்குள் வையுங்கள். ஒரு பிரதியும் முதல் படியில் எடுத்த படங்களும் வேறொரு வீட்டில், முடிந்தால் வேறொரு நாட்டில் இருக்கட்டும்.